கோத்தகிரி பக்கம் பூர்விக வீடு: காட்டேஜ் கட்டலாமா, வேண்டாமா?

கேள்வி: ஹட்டிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் ரோட்டில் பாதியில் இறங்கி நடந்தால் எங்கள் ஹட்டி (படுகர் ஊர்). பெயரைப் போட்டால் இன்று சாயங்காலமே சொந்தக்காரர்கள் போன் செய்வார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். தாத்தா கட்டிய ஓட்டு வீடு, அதற்குக் கீழே சரிவில் ஒன்றேகால் ஏக்கர் தேயிலை. அம்மா மட்டும் அங்கே இருக்கிறார். எனக்குக் கோவையில் வேலை, தம்பி பெங்களூரில்.

பச்சைத் தேயிலை விலையைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023-ல் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு நம் பக்கத்துச் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தது நினைவிருக்கும். பறிகூலியும் உரமும் போக எங்களுக்கு மிஞ்சுவது அம்மாவின் மாத்திரைச் செலவுக்குச் சரியாக இருக்கிறது.

இப்போது மேட்டுப்பாளையத்துக்காரர் ஒருவர் தம்பியைப் பிடித்திருக்கிறார். தேயிலையில் பாதியைப் பிடுங்கிவிட்டு ஆறு மரக் காட்டேஜ், நடுவில் புல்தரை, கேம்ப்ஃபயர். சனிக்கிழமை ராத்திரி ஊர்ப் பையன்களை வைத்து 'படுகா டான்ஸ்'. வருகிறவர்களுக்கு வெள்ளை முண்டு கட்டிவிட்டு போட்டோ. முதல் அவருடையது, இடம் எங்களுடையது, வருமானத்தில் பங்கு. தம்பிக்கு ஆசை. அம்மா ஒரே பேச்சாக "தண்ணி பத்தாது, வேண்டாம்" என்கிறார். அதற்குமேல் காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார்.

வீட்டைப் பூட்டிப் போட்டால் ஓடு சரிந்துவிடும். இந்த மாதிரி கட்டினால் ஊர் வேறு மாதிரி ஆகிவிடுமோ என்று எனக்கும் பயம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வழி உண்டா? இ-பாஸ் வந்த பிறகு கூட்டம் குறைந்துவிட்டதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: டிஎன்43_டாக்சி

இ-பாஸ் விஷயத்துக்கு மட்டும் நான் சொல்கிறேன். 2024 மே 7-லிருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். அப்போது கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள், எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து ஜூன் வரைக்கும் வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. எங்களைப் போல நீலகிரிப் பதிவான 43 நம்பர் வண்டிகளுக்கும் பஸ்ஸுக்கும் காய்கறி லோடுக்கும் அது கிடையாது.

கூட்டம் குறைந்ததா என்றால், கல்லாறு செக்போஸ்டில் நிற்கிற வரிசை கொஞ்சம் சுருங்கியது. ஊட்டிக்குள்ளே சேரிங் கிராஸில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வண்டிக்கு நாலு பேர் என்று போட்டாலே 8,000 வண்டிக்கு 32,000 பேர். 2011 கணக்குப்படி ஊட்டி ஜனத்தொகையே 88,430-தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊரில் மூன்றில் ஒரு பங்கு ஜனம் புதிதாக ஏறி வருகிறது, அதுவும் 'வரம்பு' வைத்த பிறகு.

கோத்தகிரிக்கு இன்னொரு கஷ்டம், சீசனில் ஒருவழிப் பாதை. ஏறுகிறவர்கள் குன்னூர் வழி, இறங்குகிறவர்கள் கோத்தகிரி வழி. உங்கள் ரோட்டில் பார்ப்பவரெல்லாம் வீட்டுக்குத் திரும்பும் அவசரத்தில் இருப்பவர். டீ குடிப்பார், தங்க மாட்டார். அதனால் ஆறு காட்டேஜும் நிரம்பும் என்று அவர் போடுகிற கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். மற்றபடி கட்டுங்கள் என்றுதான் சொல்வேன். நீங்கள் கட்டாவிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கட்டப்போகிறார், அவ்வளவுதானே.

பதில்: குழாய்க்காரர்

தம்பி, நான் பிளம்பர். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்று ஊரிலும் காட்டேஜ்களுக்குக் குழாய் போட்டே வயது போனவன். முன்னால் இருப்பவர் வண்டிக் கணக்குச் சொன்னார், சரி. அதிகாரிகளும் வண்டியைத்தான் எண்ணுகிறார்கள். வண்டி கேட்டுக்கு வெளியே நிற்கும். நான் போன இடமெல்லாம் சமையல்கட்டுக்குப் பின்னால், கக்கூஸுக்குக் கீழே. மலைக்கு எது ஆகும், எது ஆகாது என்பது எனக்கு அங்கே நின்று தெரிந்ததுதான்.

உங்கள் அம்மா சொன்னது முழுக் காரணம். அதற்குமேல் அவர் சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் வருகிற தண்ணீர். கோத்தகிரியைச் சுற்றியுள்ள பல ஹட்டிகளுக்கு லாங்வுட் சோலையும் அதைப் போன்ற சின்னச் சின்னச் சோலைகளும் கொடுக்கிற ஊற்றுத் தண்ணீர்தான் ஆதாரம். லாங்வுட் மொத்தமே 116 ஹெக்டேர். 2024 ஜனவரியில் அதை ராம்சர் பட்டியலில், அதாவது உலக ஈரநிலப் பட்டியலில், சேர்த்தார்கள், பேப்பரில் படம் போட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் சோலையில் ஊறுகிற தண்ணீர் பட்டியலில் சேர்ந்ததால் ஒரு குடம் கூடிவிடாது. மழைக்காலத்தில் பார்த்தால் எல்லா ஊற்றும் பொங்கும். ஜூலையில் இடத்தைக் காட்டி வியாபாரம் பேசுகிறவன் எல்லாம் அந்தத் தண்ணீரைக் காட்டித்தான் பேசுவான். ஏப்ரலில் அதே குழாய்க்கு முன்னால் பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

ஊரில் ஓர் ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்பது மத்திய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தின் கணக்கு. ஓட்டல் என்றால் ஒரு படுக்கைக்கு 180 லிட்டர் வைத்து டேங்க் கட்டச் சொல்கிறது நாங்கள் பார்க்கிற அளவுக் கணக்கு. அதுவும் பெரிய நட்சத்திர ஓட்டல் அல்லாத ஓட்டலுக்கு. சமவெளியிலிருந்து வருகிறவர் மலையில் கீசரைத் திறந்தால் லேசில் மூட மாட்டார், அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது, குளிர். ஒருத்தர் எல்லா ரூமிலும் பாத்டப் கேட்டார். தண்ணி எங்கே என்றேன். "லாரி அடிப்போம்" என்றார். லாரியில் வருவதும் எங்கோ ஒரு ஹட்டியின் பள்ளத்துக் கிணற்றுத் தண்ணீர்தான். அந்த ஊர்க்காரர் தேயிலை விற்கிற மாதிரி தண்ணீரை விற்கிறார், அவ்வளவுதான். போர் போடலாமே என்பீர்கள். இந்த மாவட்டத்தில் நினைத்தபடி போர் இறக்க முடியாது, அனுமதி வேண்டும். மண் வெட்ட பொக்லைன் கொண்டுவரவும் அனுமதி வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் பொக்லைன் சத்தம் கேட்டால் அது அனுமதி இல்லாத பொக்லைன்.

அடுத்தது, போகிற தண்ணீர். இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. காட்டேஜ் முதலாளிகள் சிலர் பெருமையாகச் சொல்வார்கள்: "எங்கள் செப்டிக் டேங்க் பதினைந்து வருஷமாக நிறையவே இல்லை." எப்படி நிறையும்? அடியில் கான்கிரீட்டே போடவில்லை. நான்கு பக்கம் கல், கீழே மண். உள்ளே போனதெல்லாம் சரிவில் இறங்கிக் கீழே இருப்பவன் தோட்டத்துக்குப் போகிறது, அதற்குக் கீழே ஊற்றுக்குப் போகிறது. ஒரு ஊரில் ஊற்றுத் தொட்டியின் சுவரில் வழுவழுவென்று சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருந்தது. ஊர்ப் பெரியவர் பாசி என்று நினைத்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரை மோந்து பார்த்தேன், லேசாக சோப்பு வாசம். மேலே திரும்பிப் பார்த்தால் புதுக் காட்டேஜின் துணி துவைக்கிற இடம்.

நகரத்தில் இது வேறு மாதிரி. ஊட்டி ஏரி 1820-களில் வெள்ளைக்காரக் கலெக்டர் சல்லிவன் அணை கட்டி உண்டாக்கியது. பின்னால் ஒரு பகுதியை மேடாக்கிக் குதிரைப் பந்தய மைதானமும் பஸ் ஸ்டாண்டும் வந்தன. ஊருக்குள்ளேயிருந்து கோடப்பமந்து கால்வாய் சாக்கடையைச் சுமந்துகொண்டு அதே ஏரிக்கு வருகிறது. மேலே படகு சவாரி. பாதாளச் சாக்கடை இருக்கிறது, சுத்திகரிப்பு நிலையமும் இருக்கிறது, தூர் வாருவதும் நடக்கிறது. ஆனாலும் அறைகள் கூடுகிற வேகத்துக்குக் குழாய் கூடவில்லை. நகராட்சி வைத்திருக்கிற ஊட்டிக்கே இந்தக் கதி என்றால் ஹட்டிக்கு யார் இருக்கிறார்கள்?

மூன்றாவது சரிவு. மலையில் 7 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக்கூடாது என்று விதி. அதனால் என்ன செய்கிறார்கள்? ரோட்டுக்குக் கீழே சரிவை வெட்டி அங்கே மாடிகளை இறக்கிவிடுகிறார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் சின்ன பங்களா, பள்ளத்திலிருந்து பார்த்தால் நாலு மாடி. வெட்டிய மண்ணுக்குத் தடுப்புச் சுவர் கட்டுவார்கள், அதில் தண்ணீர் கசிய ஓட்டை விட மாட்டார்கள், பார்வைக்கு அசிங்கமாம். 2009 நவம்பரில் கேத்தி, அச்சனக்கல், குன்னூர் பக்கம் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மாதிரி ஒரு மழையை மனதில் வைத்துத்தான் மலையில் சுவர் வைக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆறு காட்டேஜ் வேண்டாம். தாத்தா வீட்டிலேயே இரண்டு அறை ஒதுக்குங்கள். ஹோம்ஸ்டே என்று சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும், அதிகபட்சம் ஆறு அறை. அம்மா இருக்கிறார், அதனால் அது சரியாக வரும். அவர் சமைக்க விரும்பினால் மட்டும் சாப்பாடு. தேயிலையைப் பிடுங்காதீர்கள். விலை இல்லாவிட்டாலும் அதன் வேர்தான் உங்கள் சரிவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பதில்: பேரகணி_மருமகள்

பெரியவர் தண்ணீரைச் சொல்லிவிட்டார். நான் டான்ஸைச் சொல்கிறேன், ஏனென்றால் கேள்வியில் அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் ஆட்டம் ரகசியம் ஒன்றும் இல்லை. கல்யாணத்தில் வெளியூர் நண்பர்கள் வந்தால் நாங்களே கையைப் பிடித்து இழுத்து வட்டத்தில் விடுவோம். எங்கள் ஹெத்தை அம்மன் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்குப் பேரகணிக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், எத்தனை ஆயிரம் பேர் வெள்ளை கட்டி வருகிறார்கள் என்று. அதே வெள்ளையைக் கேம்ப்ஃபயர் பக்கத்தில் பீர் பாட்டிலோடு நிற்கிறவருக்குக் கட்டிவிட்டுப் போட்டோ எடுப்பது எனக்கு ஒப்பவில்லை. தினக்கூலிக்கு ஆடுகிற பையன் அடுத்த வருஷம் ஹப்பாவுக்கு விரதம் இருப்பானா என்பதும் சந்தேகம். என் மாமியார் இதைவிடக் கடுமையாகச் சொல்வார்.

காட்டுவதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது. கன்னேரிமுக்கில் சல்லிவன் பங்களா இருக்கிறது. 1819-ல் அவர் மலையேறி வந்து முதலில் கட்டிய இடம், ஒரு ஹட்டிக்குள்ளேயே இருக்கிறது. புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். ஊட்டிக்கு வருகிற லட்சம் பேரில் எத்தனை பேர் அங்கே போகிறார்கள்? கீரை, உருளைக்கிழங்கு, அவரை போட்டு அம்மா வைக்கிற குழம்பே ஒரு சாயங்காலத்துக்குப் போதும்.

இன்னொன்று, கேம்ப்ஃபயரில் மிஞ்சுகிற கோழி எலும்பும் எண்ணெயும். கோத்தகிரியில் கரடி விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெயைக் குடிக்கக் கோயில் கதவையே உடைக்கிறது. ராத்திரி பார்பெக்யூ போட்டுக் குப்பையைப் பள்ளத்தில் தட்டினால் விடிகாலை தேயிலை பறிக்கப் போகிற பெண்தான் கரடிக்கு எதிரே நிற்பாள். டூரிஸ்ட் அப்போது கம்பளிக்குள் இருப்பார்.

பதில்: புல்லும்_பூவும்

ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியன். மேலே எல்லாரும் தண்ணீரையும் பண்பாட்டையும் தனித்தனியாகச் சொல்கிறார்கள். மலையில் அவை ஒன்றாகவே இருக்கின்றன என்பதற்கு ஒரே ஓர் உதாரணம்.

தோடர்களின் கோயில், அந்த அரைவட்டக் கூரைக் கட்டிடம், படத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கூரை வேய்கிற புல் எங்கேயும் கிடைப்பதில்லை. மேல் நீலகிரியின் சதுப்புகளில் மட்டும் வளர்கிற எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்ற புல். உலகத்தில் வேறெங்கும் இல்லை. சதுப்பில் ஒரு பகுதியை நாம் அணைத் தண்ணீருக்குக் கீழே மூழ்கடித்தோம், இன்னொரு பகுதியில் சீகை மரமும் யூகலிப்டஸும் நட்டோம், மிச்சத்தை நிரப்பி உருளைக்கிழங்கும் கட்டிடமும் போட்டோம். இப்போது பழைய கூரையை மாற்றத் தோடர்கள் புல்லைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறது. கூரைக்குத் தகரம் போட்ட மந்துகளும் (தோடர் குடியிருப்புகள்) உண்டு. தோடர் பூத்தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சால்வை கடையில் விற்கிறது. சால்வையைப் பாதுகாப்பது சுலபம். சதுப்பைப் பாதுகாக்கத்தான் ஆளில்லை.

ஹட்டிக்காரனுக்கு: உங்கள் ஒன்றேகால் ஏக்கரின் அடியில் எப்போதும் ஈரமாக, நடந்தால் கால் புதைகிற ஓர் இடம் இருக்கும். 'புல்தரை' என்று அவர் காட்டுவது அந்த இடமா என்று பாருங்கள். அதுவாக இருந்தால் தொடவே வேண்டாம். கோத்தகிரியிலேயே கீஸ்டோன் ஃபவுண்டேஷன் இருக்கிறது. ஊற்று, சதுப்பு விஷயங்களில் நெடுநாள் வேலை செய்தவர்கள். ஒரு தடவை போய்க் கேளுங்கள்.

பதில்: டிஎன்43_டாக்சி

எல்லாரும் வேண்டாம் வேண்டாம் என்றால் நாங்கள் எதை ஓட்டிச் சாப்பிடுவது? சட்டம் போட்டால் ஜனம் கேட்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2022 மே மாதம் நம் மாவட்டத்தில்தான் முதலில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பினால் பத்து ரூபாய் தருகிறார்கள். அதற்கு முன்னால் காட்டோரம் உடைந்த கண்ணாடி கிடக்கும், யானை காலில் ஏறும். இப்போது என் வண்டியில் வருகிறவர்களே பாட்டிலைச் சீட்டுக்கடியில் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். காட்டேஜுக்கும் அந்த மாதிரி ஏதாவது ஒன்று வைக்கலாமே.

பதில்: குழாய்க்காரர்

வைக்கலாம் தம்பி. பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிக் கொடுக்க முடியும். செப்டிக் டேங்கில் போனதை யார் திருப்பிக் கொடுப்பார்? அங்கே மட்டும் முதலிலேயே சரியாகக் கட்ட வேண்டும்.

பதில்: ஹட்டிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். ஆசிரியர் ஐயா சொன்ன இடம் அப்படியே இருக்கிறது. புல்தரைக்கு அவர் காட்டியது அதுதான். செருப்பு ஒன்றை அங்கே விட்டுவிட்டு வந்தேன். ஊற்றுத் தொட்டிக்கு வருகிற குழாயையும் பிடித்துப் பார்த்தேன். 20 லிட்டர் பக்கெட் நிறைய ஐந்து நிமிஷம் ஆனது. இது அதிகமா குறைவா என்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் 22 வீடு, ஏறக்குறைய 88 பேர்.

பதில்: குழாய்க்காரர்

கணக்கு நீங்களே போட்டுவிட்டீர்கள். ஐந்து நிமிஷத்துக்கு 20 லிட்டர் என்றால் நிமிஷத்துக்கு 4, நாளைக்கு 5,760 லிட்டர். 88 பேருக்கு 55 வீதம் 4,840. மிச்சம் 920 லிட்டர். படுக்கைக்கு 180 என்றால் ஐந்து படுக்கை. அதுவும் மாடு, கோயில் எதையும் சேர்க்காமல், ராத்திரி வருகிற தண்ணீரும் வீணாகாமல் தொட்டியில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு. ஆறு காட்டேஜில் வீட்டுக்கு நாலு பேர் என்றால் 24 படுக்கை, 4,320 லிட்டர். ஊரே புழங்குகிற தண்ணீருக்கு ஏறக்குறையச் சமம். ஏப்ரலில் இன்னொரு தடவை பிடித்துப் பாருங்கள், ஐந்து நிமிஷம் எட்டு நிமிஷமாக இருந்தால் இந்த ஐந்து படுக்கையும் கிடையாது, சீசனில் வீட்டைச் சும்மா வைக்க வேண்டியதுதான். ஓட்டுக்கூரைக்குத் தகரத் தவாளி அடித்து மழைத் தண்ணீரைத் தொட்டிக்கு விட்டால் கக்கூஸுக்கும் துணிக்கும் ஆகும். அதைச் செய்த பிறகு அறையைப் பற்றிப் பேசலாம்.

செப்டிக் டேங்க் ஊற்றுக்கு மேல்பக்கம் வரவே கூடாது. அடியில் கான்கிரீட், உள்ளே பூச்சு, இரண்டு தடுப்பு. கொத்தனார் "எதுக்குங்க" என்பார், விடாதீர்கள். பூசி முடித்ததும் தண்ணீர் நிரப்பி மட்டத்தில் கரியால் கோடு போட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் காசு கொடுக்காதீர்கள்.

பதில்: ஹட்டிக்காரன்

தம்பியிடம் இந்தக் கணக்கை அனுப்பினேன். "லாரித் தண்ணிக்கு அவர் பொறுப்பு என்கிறாரே" என்கிறான். அடுத்த வாரம் அந்த ஆள் வருகிறார்.

பதில்: குழாய்க்காரர்

வரட்டும். எந்த ஊரிலிருந்து லாரி, அந்த ஊரில் ஏப்ரலில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கழிவுத் தொட்டியை யார் காலி செய்வது, எந்த லாரி, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அம்மாவையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.